உங்கள் கைபேசி யாருக்குச் சாட்சி சொல்கிறது?



ஒரகடம் கூட்டுச் சாலையில் ஒருநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். முதல் ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகள் ஏறுவார்கள். சற்று நேரம் கழித்து இரவு ஷிப்டு முடித்தவர்கள் இறங்குவார்கள். ஏறுகிறவன் தலையும் குனிந்திருக்கும், இறங்குகிறவன் தலையும் குனிந்திருக்கும். இருவர் கையிலும் செல்போன். பக்கத்தில் நிற்பவன் பீகார்க்காரனா, ஒடிசாக்காரனா, விழுப்புரத்துப் பிள்ளையா என்று யாருக்கும் தெரியாது.

இதென்ன அதிசயம், ஊர் உலகமெல்லாம் இப்படித்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் ஊர் உலகத்துக்கும் இந்தச் சாலைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. உலகம் குனிந்து பார்க்கிற அந்தப் பொருளைச் செய்து பெட்டியில் அடைத்து அனுப்புகிற இடம் இது. 2024-25 நிதியாண்டில் தமிழகத்திலிருந்து ஏற்றுமதியான மின்னணுப் பொருட்களின் மதிப்பு சுமார் 1,465 கோடி டாலர். அதில் சுங்குவார்சத்திரத்தில் பூட்டப்படும் ஐபோன்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். இந்தப் பகுதியிலுள்ள பல ஆலைகளில் வாசலிலேயே போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாளெல்லாம் போனைத் தொட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால்கூட டீ இடைவேளை வரை தெரிந்துகொள்ள முடியாது.

நாம் பேச வந்தது அந்த லாக்கரைப் பற்றி அல்ல. லாக்கருக்கு வெளியே அந்தப் போன் என்ன செய்கிறது என்பதைப் பற்றி. அது நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருக்கிறது. எங்கே போனீர்கள், எப்போது போனீர்கள், யாரிடம் பேசினீர்கள், எவ்வளவு பணம் வந்தது, எவ்வளவு போனது, எல்லாம் எழுதுகிறது. யாருக்காக எழுதுகிறது? அதில் ஒரு வரியாவது உங்களுக்காக எழுதப்படுகிறதா? இதுதான் நம் கேள்வி.

பேசிய போனும் எழுதும் போனும்

ஸ்ரீபெரும்புதூரை உலக வரைபடத்தில் முதலில் ஏற்றிய செல்போன் நோக்கியா. 2005 ஏப்ரலில் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டு, 2006 தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் ஏறக்குறைய எட்டாயிரம் பேருக்கு நேரடி வேலை. பிளஸ் டூ முடித்த பெண் பிள்ளைகள் செய்யாறிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். வீட்டுக்கு முதல் சம்பளம் கொண்டுபோனவர்கள் அவர்கள். எட்டே ஆண்டுகள்! 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. 2,080 கோடி ரூபாய் வருமான வரி வழக்கு, அதனால் முடக்கப்பட்ட சொத்து, மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் செல்போன் தொழிலை வாங்கியபோது இந்த ஆலையை விட்டுவிட்டது என்று காரணங்கள் பல. அதே ஆண்டு டிசம்பரில் பக்கத்திலிருந்த ஃபாக்ஸ்கான் பிரிவும் நின்றது. வேலை இழந்தவர்களின் கணக்காவது பத்திரிகைகளில் வந்தது. அவர்களை நம்பி மெஸ் நடத்தியவர், ரீசார்ஜ் கடை வைத்தவர், அறை வாடகைக்கு விட்டவர் எத்தனை பேர் என்று யார் எண்ணினார்கள்?

அங்கே செய்யப்பட்டவை பெரும்பாலும் பட்டன் போன்கள். அந்தப் போனுக்குப் பேசத் தெரியும், நாலு வரி செய்தி அனுப்பத் தெரியும், பாம்பு விளையாட்டுத் தெரியும். அவ்வளவுதான். ஆலை மூடிய அந்த இடைவெளியில்தான் நம் கைக்கு வேறொரு பொருள் வந்து சேர்ந்தது. பழைய நோக்கியா ஆலைக் கட்டடத்தை 2019-ல் சால்காம்ப் என்ற பின்லாந்து நிறுவனம் எடுத்துக்கொண்டது. அது செய்வது சார்ஜர். பேசிய போனின் வீட்டில் இன்று எழுதும் போனுக்குத் தீனி தயாராகிறது!

"நாளை டியூட்டி உண்டு. தம்ஸ்-அப் போடவும்"

ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்க்கும் எந்தத் தம்பியிடமும் கேட்டுப் பாருங்கள். அவனுடைய மேலாளர் ஒரு மனிதரல்ல, ஒரு வாட்ஸ்அப் குரூப். இரவு பத்தரைக்குச் செய்தி வரும்: நாளை ஞாயிறு டியூட்டி உண்டு, வருகிறவர்கள் தம்ஸ்-அப் போடவும். பார்த்தால் நீல டிக் விழும். நீல டிக் விழுந்தும் பதில் போடாதவன் திங்கட்கிழமை காரணம் சொல்ல வேண்டும். பார்க்காமலே விட்டவனும் காரணம் சொல்ல வேண்டும். வேலை நேரம் எட்டு மணி. வேலைக்காகக் காத்திருக்கும் நேரம் இருபத்து நாலு மணி. காத்திருப்புக்கு யார் கூலி கொடுப்பது?

பிரான்ஸ் நாட்டில் 2017 முதல், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல், வேலை நேரம் முடிந்தபின் வரும் அழைப்புக்குப் பதில் சொல்லாமலிருக்கத் தொழிலாளிக்குச் சட்டப்படியான பாதுகாப்பு இருக்கிறது. நம் நாட்டில் தனிநபர் மசோதாக்கள் வந்தன, சட்டமாகவில்லை. அது வரும்போது வரட்டும். இன்று இருக்கிற உரிமையையாவது நாம் காப்பாற்றிக்கொள்கிறோமா?

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, வாணியம்பாடிப் பக்கம், ஐ.டி.ஐ. முடித்தவன். வல்லம் பக்கத்தில் ஓர் ஆலையில் காண்ட்ராக்டர் மூலம் பதினான்கு மாதம் வேலை பார்த்தான். மாதாமாதம் பி.எஃப். என்று சொல்லிப் பிடித்தார்கள். பதினைந்தாவது மாதம் காண்ட்ராக்டர் மாறினார். புதியவர், பழைய கணக்கு எனக்குத் தெரியாது என்றார். பழையவர் போனை எடுக்கவில்லை. பையன் பி.எஃப். கணக்கைப் பார்த்தால் ஐந்து மாதத் தொகைதான் ஏறியிருக்கிறது. புகார் கொடுக்க அழைத்துப் போனோம். அதிகாரி நல்லவர், பொறுமையாகக் கேட்டார். சம்பள ரசீது இருக்கிறதா? இல்லை. வேலைக்குச் சேர்ந்த கடிதம்? இல்லை. அடையாள அட்டை? வாங்கிக்கொண்டு விட்டார்கள். படமாவது எடுத்து வைத்தாயா? இல்லை. குரூப்பில் வந்த டியூட்டி அட்டவணை? குரூப்பிலிருந்து அவனை நீக்கியபோதே, புதுப் போன் மாற்றியதில் பழையதெல்லாம் போய்விட்டது.

அவன் கையிலிருந்தது இருபத்து இரண்டாயிரம் ரூபாய்ப் போன். அதில் நாலாயிரம் படங்கள்! நண்பனின் பைக், மெரினா கடற்கரை, ஏதோ ஒரு ஓட்டலின் பிரியாணித் தட்டு. பதினான்கு மாதம் உழைத்ததற்கு அதில் ஒரு படம்கூடச் சாட்சி இல்லை. நான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அவனுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தோம்?

ஆனால் அதே பதினான்கு மாதமும் அவன் வாசலில் முகம் காட்டிய நேரம், விரல் வைத்த நேரம், ஒரு நிமிடம் தாமதமானது உட்பட, எல்லாம் ஒரு கணினியில் பதிவாகியிருந்தது. எதிர்த் தரப்பிடம் கணக்கு இருந்தது. இவனிடம் நினைவு மட்டுமே இருந்தது. கணக்குக்கும் நினைவுக்கும் வழக்கு வந்தால் எது ஜெயிக்கும் என்று வியாபாரிகளான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2021 டிசம்பர்

இந்தச் சாலை மறக்க முடியாத இரவு ஒன்று உண்டு. 2021 டிசம்பர் நடுவில், ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு நஞ்சானது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். கூட இருந்தவர்களுக்கு அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. கேட்ட கேள்விக்கு நம்பும்படியான பதில் கிடைக்கவில்லை. அந்த வெற்றிடத்தில் வாட்ஸ்அப் புகுந்தது. சிலர் இறந்துவிட்டார்கள், மறைக்கிறார்கள் என்று செய்தி பரவியது. டிசம்பர் 17 இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் பகல் வரை வண்டிகள் நகரவில்லை.

இறந்ததாக வந்த செய்தி பொய். பரப்பியதாக வழக்கும் கைதும் நடந்தன. பொய்யைப் பரப்புவதை நாம் ஒருபோதும் ஆதரிக்க மாட்டோம். வருகிற செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் வேதத்தை ஓதுகிற நாம், பார்வர்டு பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் ஒருமுறை நிற்கவாவது வேண்டாமா?

ஆனால் பொய்யைச் சொன்னது மட்டுமா அந்தப் போன்? அறைக்குள் பெண்கள் தரையில் நெருக்கிப் படுத்திருந்ததையும், தண்ணீர் வராத கழிப்பறைகளையும், விடுதிச் சமையலறையின் கேட்டையும் நாடறியச் செய்ததும் அந்தப் பெண்கள் வாய்திறந்து பேசியதுதான். அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது சமையலறையில் எலியும் சாக்கடைத் தேக்கமும் இருந்தன. டிசம்பர் 29-ல் ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைத் தன் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. மூடிய ஆலை 2022 ஜனவரி 12-ல்தான் திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி, 706 கோடி ரூபாய்ச் செலவில், முதலமைச்சரால் திறந்து வைக்கப்பட்டதே, அதற்கும் அந்த இரவுக்கும் தொடர்பே இல்லை என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? நான் நம்ப மாட்டேன்.

இன்னொரு விஷயம். 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதே ஆலையின் ஐபோன் பிரிவில் திருமணமான பெண்களுக்கு வேலை மறுக்கப்படுவதாகச் செய்தி. அதற்கு அவர்கள் வைத்த ஆதாரங்களில் ஒன்று என்ன தெரியுமா? ஆள் சேர்க்கும் ஏஜென்சிக்காரர்களின் விளம்பரங்களும் வாட்ஸ்அப் உரையாடல்களும்! திருமணமாகாதவர் மட்டும் என்று அவர்களே எழுதியது. 2022-ல் குறைகள் இருந்தன, சரிசெய்துவிட்டோம் என்பது நிறுவனத்தின் பதில். மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. வேலை விளம்பரங்களில் வயது, திருமணம் பற்றிய நிபந்தனைகளை நீக்கும்படி ஏஜென்சிகளுக்குப் பின்னர் சொல்லப்பட்டதாகவும் செய்தி வந்தது. யாரோ சில பெண்கள் அந்தச் செய்திகளை அழிக்காமல் வைத்திருந்தார்கள். வேறொன்றும் பெரிதாகச் செய்யவில்லை. அழிக்காமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

கடைக்காரருக்கும் இதே கதைதான்

வணிகச் சகோதரர்களே, இது கம்பெனிக்குப் போகிறவன் பிரச்சினை, நமக்கென்ன என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கல்லாப்பெட்டி இப்போது எங்கே இருக்கிறது? போனுக்குள் இருக்கிறது.

யூபிஐ 2016-ல் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டிவிட்டது. சுங்குவார்சத்திரத்தில் பத்து ரூபாய் டீக்கும் ஸ்கேன்தான். சில்லறைத் தகராறு ஒழிந்தது, கள்ளநோட்டுப் பயம் ஒழிந்தது, இரவில் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிற பயம் ஒழிந்தது. நல்லதுதான். நன்மையை மறைப்பது நம் வழக்கமல்ல.

ஆனால் பழைய கல்லாப்பெட்டி ஊமை. புதிய கல்லாப்பெட்டி பேசும், அதுவும் நீங்கள் இல்லாத இடத்தில் பேசும்.

2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்ததைப் பாருங்கள். யூபிஐ வரவை வைத்துக்கொண்டு வணிகவரித் துறை ஆயிரக்கணக்கான சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு, நான்கு ஆண்டுகளில் 1 கோடியே 63 லட்சம் வரவு என்று சொல்லி, 29 லட்சம் ரூபாய் வரி கேட்டார்கள். காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது! பெங்களூரில் கடைக்குக் கடை யூபிஐ இல்லை, ரொக்கம் மட்டும் என்று அட்டை தொங்கியது. பிறகு அம்மாநில முதலமைச்சர் தலையிட்டு, பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்று அறிவித்தார். அங்கே அடங்கியது. இங்கே வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்? பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம், ஓட்டல் போன்ற சேவைக்கு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். நாளொன்றுக்கு ஆறாயிரம் ரூபாய் வியாபாரம் நடக்கிற பிரியாணிக் கடை ஆண்டு முடிவில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும் என்பதை எத்தனை பேர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறோம்?

நம் கடைகளில் நடப்பதை நமக்குத் தெரியாதா? ஒரே க்யூ.ஆர். அட்டை. அதில்தான் வியாபாரப் பணம். அதில்தான் மச்சான் துபாயிலிருந்து வந்தபோது கொடுத்த கைமாற்று. அதில்தான் சீட்டுப் பணம். பெருநாளைக்குப் பள்ளிவாசல் வசூலும் சில நேரம் அதில்தான்! போதாததற்கு இந்தச் சாலைக்கே உரிய ஒரு பழக்கம் வேறு. ஒடிசாப் பிள்ளை ரொக்கத்தைக் கொடுத்து, பாய், ஊருக்கு ஐயாயிரம் போட்டு விடுங்கள் என்பான். இன்னொருவன் ஐயாயிரம் ஸ்கேன் செய்து ரொக்கம் கேட்பான். பத்தோ இருபதோ கமிஷன். உதவிதான், பாவமில்லை. ஆனால் போன் எழுதும் கணக்கில் அது உதவி என்று விழாது. உங்கள் வரவு என்று விழும்.

ஸ்கேன் செய்தவன் கையிலிருந்த பணம் எங்கோ ஒருவரை ஏமாற்றி வந்த பணமாக இருந்தால்? 2023-ல் கேரளத்தில் பல சிறு ஓட்டல்காரர்கள், கடைக்காரர்களின் வங்கிக் கணக்குகள் திடீரென முடங்கின. குஜராத் போன்ற மாநிலங்களின் சைபர் போலீஸ் கேட்டுக்கொண்டதால் வங்கி முடக்கியது. சில நூறு ரூபாய்க்குச் சாப்பிட்டுவிட்டுப் போன ஒரு வாடிக்கையாளரின் பணத்தால், கடைக்காரரின் முழுக் கணக்கும் பூட்டப்பட்டது. பால்காரருக்குக் கொடுக்கப் பணமில்லை, மகளின் கல்லூரிக் கட்டணம் கட்ட வழியில்லை. சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைக்கலாம், கணக்கு முழுவதையும் முடக்குவது சரியல்ல என்று கேரள உயர்நீதிமன்றம் 2023-லும், சென்னை உயர்நீதிமன்றம் 2024-லும் சொல்லியிருக்கின்றன. நல்ல தீர்ப்புகள். ஆனால் அந்தத் தீர்ப்பைக் காட்டி வங்கியில் பேசப்போனால் முதலில் என்ன கேட்பார்கள்? இந்த 350 ரூபாய் எதற்காக வந்தது, பில் எங்கே என்று கேட்பார்கள். பில் இருந்தால் நீங்கள் வியாபாரி. இல்லாவிட்டால் சந்தேகத்துக்குரியவர். நம் பெயரைப் பார்த்ததுமே சந்தேகப்பட ஆட்கள் இருக்கிற காலத்தில், ஆவணம் இல்லாமல் வியாபாரம் செய்வது துணிச்சலா? அலட்சியமா?

கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள், தொகை சிறியதா பெரியதா என்று பார்த்துச் சோம்பிவிடாதீர்கள் என்று கட்டளையிடுவது அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம். குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அதுதான். வணக்க வழிபாட்டைப் பற்றியதல்ல அது, கணக்கைப் பற்றியது! அதை ஓதுகிற சமுதாயத்தின் கடைகளில் கடன் நோட்டுக்கூட ஒழுங்காக இல்லை என்றால் யாரைக் குறை சொல்வது?

என்ன எழுத வேண்டும்?

ஆலைக்குப் போகும் தம்பிகளே! வேலைக்குச் சேரும்போது நியமனக் கடிதம் கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி அது உங்கள் உரிமை. மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. புதிய தொகுப்பும் அதையே சொல்கிறது. ஆனால் எத்தனை மணி நேரம் என்பதை யார் சொல்வது? ஒரு முழுத்தாள் நோட்டு வாங்குங்கள். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், தேதியோடு தினமும் எழுதுங்கள். வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தைப் படமெடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, சம்பள ரசீது, இ.எஸ்.ஐ. அட்டை, எல்லாவற்றுக்கும் அப்படியே. பி.எஃப். பிடித்த தொகையை மறுமாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கட்டினார்களா என்று பார்க்க உங்கள் போனிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் போதும், கணக்கோடு உங்கள் எண் இணைந்திருந்தால். அந்தப் பிள்ளை முதல் மாதமே இதைச் செய்திருந்தால் முன்பே விழித்திருப்பான்.

டியூட்டிக்கு அழைத்துப் போடும் செய்தியை அழிக்காதீர்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. மூலச் செய்தி போனிலேயே இருக்கட்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டம் மின்னணுப் பதிவைச் சான்றாக ஏற்கிறது. ஆனால் 63-ஆவது பிரிவின்படி அதோடு ஒரு சான்றிதழ் வைக்க வேண்டும். எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டும். போனை விற்றுவிட்டு வழக்குக்குப் போனால் சிரமம்தான்.

கடைக்காரர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு. இதை மட்டும் செய்தாலே பாதித் தலைவலி போகும். சாயங்காலம் கடை அடைக்கும்போது அன்றைய வரவை ஸ்கேன், ரொக்கம், கடன் என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். அறிமுகமில்லாதவனுக்கு ஸ்கேனுக்கு ரொக்கம் கொடுப்பதை நிறுத்துங்கள். கோபித்துக்கொண்டு போனால் போகட்டும்.

இரவில் சாட்சி சொல்லும் போன்

வேலையைத் தாண்டி வீட்டுக்கும் இது வருகிறது. வீடியோ அழைப்பில் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிற சந்தோஷத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அறையில் தனியாகப் படுத்திருக்கிற இளைஞனிடம் இரவு பன்னிரண்டு மணிக்கு வருகிறவர்கள் வேறு ஆட்கள்.

ஐந்து நிமிடத்தில் கடன் என்பான் ஒருவன். நீ அனுமதி என்று ஒரு பொத்தானை அழுத்தியதும் உன் தொடர்பு எண்கள் எல்லாம் அவன் கைக்குப் போய்விடும். தவணை தவறினால் உன் மாமாவுக்கும் உன் ஜமாஅத் தலைவருக்கும் உன்னைத் திருடன் என்று செய்தி போகும். உன் போனே உனக்கு எதிராகச் சாட்சி! கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதி போட்டுவிட்டது. ஆகவே அதைக் கேட்கிற செயலி எதுவானாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். மாட்டிக்கொண்டால் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளாதீர்கள். 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

பணம் கட்டி ஆடும் ரம்மியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தமிழ்நாடு 2022-ல் சட்டம் போட்டது, நீதிமன்றங்களுக்குப் போனது, கடைசியில் 2025 ஆகஸ்டில் மத்திய அரசே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. எத்தனை வீடுகள் அழிந்தபிறகு!

கடைசியாக அந்த வாணியம்பாடிப் பிள்ளையைப் பற்றி. விட்டுப்போன ஒன்பது மாதத்துக்கான மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. உடன் வேலை பார்த்த இரண்டு பேர் சாட்சிக்கு வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவன் இப்போது ஒரகடம் பக்கம் வேறோர் ஆலையில் இருக்கிறான். போன மாதச் சம்பள ரசீதையும் தன் நோட்டின் பக்கத்தையும் அருகருகே வைத்துப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். அவன் நோட்டில் மிகை நேரம் இருபத்திரண்டு மணி. ரசீதில் பதினான்கு. மீதி எட்டு மணி நேரக் கூலியைக் கேட்டுக் காண்ட்ராக்டருக்கு வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை. நீல டிக் விழுந்துவிட்டது.